விற்பனைக்கு வரும் வீட்டைப் படம் எடுத்தல்: திருகோணமலை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், முன்பெல்லாம் தரகர் ஒருவர் வாங்க விரும்புபவரை நேரே கூட்டிவந்து படலையைத் திறந்து காட்டுவார். இன்று படலை திறக்கும் முன்னரே, டொரொன்டோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கைபேசியில் அந்த வீட்டைப் பார்க்கிறார். படம் இருளாக இருந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் வந்து போனதுகூட வீட்டுக்காரருக்குத் தெரியவராது. உப்புவெளி, உவர்மலை, லிங்கநகர், அன்புவழிபுரம் ஆகிய இடங்களில் உறவினர், அயலவர் வீடுகள் சிலவற்றை விற்பனைக்காகப் படம் எடுத்துக் கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். படத்தின் வேலை, வாங்கக்கூடிய ஆளை வாசல்வரை கொண்டுவந்து விடுவது. வந்தவர் படத்தில் கண்டதையே நேரிலும் கண்டால்தான், விலை பேசும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். கீழே சொல்வன எல்லாம் இந்த இரண்டு தேவைகளிலிருந்து வருபவை. விலை கூடிய கமெரா எதுவும் வேண்டியதில்லை. ஓரளவு நல்ல கைபேசி போதும்.

முதற்படம்

இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் தேடுபவருக்கு முதலில் தெரிவது ஒரேயொரு படம், அதுவும் தீப்பெட்டி அளவில். அந்த அளவில் வீடு வீடாகத் தெரிய வேண்டும். எடுத்த படத்தைக் கைபேசியில் சிறிதாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கூரை, முன்சுவர், விறாந்தை மூன்றும் பிரித்தறியக் கூடியதாக இருந்தால் அது முதற்படமாகத் தகும். மதிலும் கேற்றும் மட்டும் தெரிகிற படமோ, பூச்செடிகளுக்குப் பின்னால் வீடு ஒளிந்துகொள்ளும் படமோ தகாது. நகரத்துக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று வாசலில் வந்து நின்றால் அதையும் சேர்த்து எடுக்க ஆசை வரும். எடுக்கலாம், ஆனால் முதற்படமாக வைக்க வேண்டாம், ஏனெனில் பார்ப்பவருடைய கண் மானிலேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு நேர் எதிரே நின்று எடுப்பதைவிட, ஒரு மூலைப்பக்கமாக விலகி நின்று, முன்சுவரும் ஒரு பக்கச் சுவரும் சேர்ந்து தெரியும்படி எடுத்தால் வீட்டின் ஆழம் புலப்படும். நம் ஒழுங்கைகள் ஒடுக்கமானவை என்பதால் பின்னால் போக இடம் கிடைக்காது. அப்போது பலர் கைபேசியிலுள்ள 0.5 மடங்கு அகலவில்லையைப் பயன்படுத்துகிறார்கள். அது வளவு முழுவதையும் படத்துக்குள் அடக்கிவிடும் என்றாலும், ஓரங்களை இழுத்து, பத்தடி முற்றத்தை இருபதடி போலக் காட்டும். நேரில் வருபவர் முதல் நிமிடத்திலேயே ஏமாற்றத்தை உணர்வார். வழமையான 1 மடங்கு வில்லையை வைத்துக்கொண்டு, கேற்றைத் திறந்துவிட்டு, எதிர்வீட்டாரிடம் சொல்லி அவர்கள் வாசல்வரை பின்னால் போய் எடுப்பது எவ்வளவோ மேல். மதில் மறைத்தால் கைபேசியை மேல்நோக்கிச் சரிக்காமல், ஒரு ஏணியில் இரண்டு படி ஏறி நின்று, கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். மேல்நோக்கிச் சரித்தால் சுவர்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து, வீடு பின்பக்கமாக விழப்போவது போல் தோன்றும். கமெரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால், சுவரின் ஓரத்தை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டு நேராக்குவது எளிது.

எடுப்பதற்கு முன் மோட்டார் சைக்கிளை வெளியே விடுங்கள், கொடியில் காயும் உடுப்புகளை எடுங்கள், முற்றத்தைக் கூட்டுங்கள். கூட்டிய தடம் தெரியும் மணல் முற்றம் படத்தில் எவ்வளவு அழகாக விழும் என்பதை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் விளங்கும்.

வெயிலைப் பார்த்து நேரம் குறித்தல்

எந்த அலங்காரத்தையும்விட வெளிச்சம் முக்கியமானது. அதற்குச் செலவும் இல்லை. வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்கு வாசல் வீட்டைக் காலை ஆறரை முதல் எட்டரை வரை எடுக்கலாம். அந்த நேரத்தில் கடற்பக்கமிருந்து தாழ்வாக வரும் வெயில் விறாந்தைக்குள்ளும் புகுந்து, சுவரின் நிறத்தை உள்ளபடி காட்டும். மேற்கு வாசல் வீட்டுக்குப் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு பொருத்தமான நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் கூரையின் நிழல் சுவரில் கறுப்புப் பட்டையாக விழும். வெள்ளைச் சுவர் வெளிறிப்போகும். விறாந்தை குகை போலாகிவிடும்.

வடக்கு வாசல், தெற்கு வாசல் வீடுகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். திருகோணமலை வட அகலக்கோடு ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும்; மீதி மாதங்களில் தெற்கே நிற்கும். வடக்கு வாசல் வீட்டின் முகத்தில் வெயில் படும் காலம் மே, ஜூன், ஜூலை மாதங்கள். மார்கழியில் அதே வீட்டின் முகம் நாள் முழுவதும் தன் நிழலிலேயே இருக்கும். அப்போது வானம் மெல்லிய முகிலால் மூடியிருக்கும் ஒரு முற்பகலில் எடுத்தால் முகத்துக்கும் வானத்துக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்து படம் ஒப்பேறும். தெற்கு வாசல் வீட்டுக்கு இதன் எதிர்மறை.

பருவமும் கணக்கில் சேர வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும் மழை, மதிலில் கறுப்புப் பாசியையும் முற்றத்தில் சேற்றையும் விட்டுச் செல்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்து ஓய்ந்தபின் புல் கருகி, இலைகளில் புழுதி படிந்திருக்கும். என் கணிப்பில் மாசியும் பங்குனியுமே நமக்கு நல்ல மாதங்கள். மரங்கள் மழைநீர் குடித்துப் பச்சையாக இருக்கும், வெயிலும் தெளிந்திருக்கும். ஆனால் வெளிநாட்டுக் குடும்பங்கள் பெருமளவில் வருவது ஜூலை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும், அடுத்ததாக மார்கழி விடுமுறையிலும். ஆகவே விற்கும் எண்ணம் இருந்தால் மாசியிலேயே முன்பக்கப் படங்களை எடுத்து வைத்துவிட வேண்டும். அவற்றை வெளியிடும்போது எடுத்த மாதத்தையும் எழுதுங்கள். ஒருமுறை ஓகஸ்டில் வீடு பார்க்க வந்த ஒரு அண்ணர், காய்ந்த முற்றத்தைக் கண்டு, "தம்பி, படத்தில பச்சையாக் கிடந்ததே, மாரியில இதுக்குள்ள தண்ணி நிக்கிறதோ?" என்று கேட்டார். படத்தின் கீழே "பெப்ரவரியில் எடுத்தது" என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. அதன்பின், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எடுத்த முற்றப் படம் ஒன்றையும் எப்போதும் சேர்த்துவிடுகிறேன். தண்ணீர் நிற்காத வளவு என்றால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வீட்டுக்குள்ளே

எல்லாச் சன்னல்களையும் திறந்து, திரைச்சீலைகளை முழுதாக ஒதுக்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையேல் இறக்கைகள் புகையாய் விழும். மின்குமிழ்களை ஒன்றில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும், அல்லது ஒரே நிறக் குமிழ்களை மட்டும் எரியவிட வேண்டும்; மஞ்சள் குமிழும் வெள்ளைக் குமிழும் பகல் வெளிச்சமும் கலந்தால் ஒரே சுவர் மூன்று நிறத்தில் தெரியும். பிளாஷ் போட வேண்டாம். சன்னல்கள் கிழக்கே பார்க்கும் அறையைப் பிற்பகலிலும், மேற்கே பார்க்கும் அறையைக் காலையிலும் எடுத்தால் சன்னல் வெளிறாது.

அறையின் மூலையில் அல்லது வாசற்படியில் நின்று, நெஞ்சு உயரத்தில், ஏறக்குறைய நாலடியில் கைபேசியைப் பிடியுங்கள். இரண்டு சுவர்களும் போதிய அளவு நிலமும் விழ வேண்டும். கூரைத் தட்டு கொஞ்சம் போதும். கைபேசியைப் படுக்கவைத்து அகலவாட்டில் எடுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து, அடுத்த அறையின் ஒரு பகுதி தெரியும்படி எடுத்தால், எந்த அறைக்குள் போனால் எங்கே வெளிக்கிடலாம் என்பது பார்ப்பவருக்குப் புரியும். படுக்கையறைகளுக்கு ஒவ்வொரு படம் போதும்.

குசினிக்கு மூன்று படம் கொடுங்கள். வீடு வாங்குவதில் கடைசிச் சொல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அவர்கள் குசினிப் படத்தைத்தான் விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, சிங் எவ்வளவு பெரியது, புகை எந்த வழியால் போகிறது, வெளியே விறகடுப்புக்கு இடம் உண்டா என்பவை அவர்கள் தேடும் விடயங்கள். என் மாமி ஒருவரின் குசினியை எடுத்தபோது, மேசைமேல் இருந்த போத்தல்கள், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கலியாண அழைப்பிதழ்கள், சென்ற ஆண்டுக் கலண்டர், பிளாஸ்டிக் கூடைகள் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் செலவிட்டுப் பின்விறாந்தைக்கு மாற்றினோம். அடுப்புக்குப் பின்னாலுள்ள ஓடுகளில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை மாமி தேசிக்காய்ப் பாதியும் சாம்பலும் கொண்டு தேய்த்தெடுத்தார். சன்னல் ஓரத்தில் இருந்த மண்குடத்தை மட்டும் விட்டோம். காலை வெயில் அந்தக் குடத்தின் தோளில் விழுந்து சிமெந்துக் கட்டின் மேல் நீண்டது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியவரின் மனைவி முதலில் தொலைபேசி எடுத்தார். அவர் கேட்ட முதற்கேள்வி, "கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?" என்பது.

குளியலறையில் கொமட் மூடியை மூடுங்கள், வாளியையும் சவர்க்காரத்தையும் எடுங்கள், கண்ணாடியில் நீங்கள் விழாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். சாமியறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வாங்குபவர் இந்துவாகவோ கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம் என்பதற்காகச் சாமிப் படங்களை அவசரமாகக் கழற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். திரையை மூடிவைத்து அறையின் அளவு தெரியும்படி எடுத்தால் வீட்டிலிருப்பவரின் மனமும் நோகாது, பார்ப்பவருக்கும் இடம் விளங்கும். குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கழற்றிவிடுவது நல்லது. அது அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

வளவு, கிணறு, ஒழுங்கை

நம் ஊரில் வாங்குபவர் கட்டடத்துக்குக் கொடுக்கும் அளவு கவனத்தைக் காணிக்கும் கொடுக்கிறார். விளம்பரத்தில் பதினைந்து பேர்ச்சஸ் என்று எழுதினால் போதாது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதை மனத்தில் பெருக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு எல்லை மூலையில் நின்று எதிர்மூலையை நோக்கி ஒரு படமும், அங்கிருந்து திரும்பி இன்னொன்றும் எடுத்தால் காணியின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். எல்லைக்கற்கள் இருந்தால் அவற்றையும் எடுங்கள்.

கிணற்றுக்கு இரண்டு படம்: கட்டும் துலா அல்லது மோட்டரும் தெரிய ஒன்று, மேலிருந்து நீர்மட்டம் தெரிய ஒன்று. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதக் கடும் வரட்சியில் எடுத்த நீர்மட்டப் படத்துக்குப் பெறுமதி அதிகம். தை மாதத்தில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். சுவையைப் படம் சொல்லாது, ஆகவே உவரா நன்னீரா என்பதை எழுத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்கையின் அகலத்தைக் காட்ட ஒரு முச்சக்கரவண்டியை நடுவில் நிறுத்தி எடுத்தால், இரண்டு பக்கமும் எஞ்சும் இடத்தைக் கண்டு, கல் மண் ஏற்றிய லொறி வருமா வராதா என்பதைப் பார்ப்பவர் தானே கணித்துவிடுவார்.

கடலோர வீடுகளுக்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு கேள்வி நிரந்தரமாகிவிட்டது: கடல் எவ்வளவு தூரம், வீட்டுநிலம் எவ்வளவு உயரம். வாசற்படிகள் எல்லாம் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் தரைமட்டம் விளங்கும். நிலாவெளிக் கடற்கரையின் படத்தையோ கோணேசர் கோயிலின் படத்தையோ இடையில் செருக வேண்டாம். கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே இருக்கும் வீட்டுக்கு அலையடிக்கும் படத்தைப் போட்டால், மற்றப் படங்களையும் எவரும் நம்பமாட்டார்கள்.

மேலிருந்து எடுக்க ஆளில்லா விமானம் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது கிடைக்கிறார்கள். இலங்கையில் அதைப் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. திருகோணமலையில் கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருப்பதால், அனுமதி கையில் இல்லாமல் எவரையும் பறக்கவிடச் சொல்லாதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு மொட்டை மாடியிலிருந்து எடுத்த படமே போதும்.

குறைகளைக் காட்டுதல்

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். உறவினர் ஒருவரின் வீட்டில் தென்மேற்கு அறைச் சுவர் ஈரம் ஊறிப் பூச்சுக் கழன்றிருந்தது. அதற்கு முன்னால் அலுமாரியை நகர்த்தி வைத்து நானே படம் எடுத்தேன். பார்க்க வந்தவர் கூடவே ஒரு மேசனைக் கூட்டிவந்திருந்தார். மேசன் நேரே அந்த அறைக்குப் போய், அலுமாரியின் பக்கத்தில் விரலை விட்டுத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளை ஒன்றும் பேசாமல் அவருக்குக் காட்டினார். அதன்பின் வீட்டின் ஒவ்வொரு சுவரும் தட்டிப் பார்க்கப்பட்டது. கடைசியில் அவர்கள் குறைத்துக் கேட்ட தொகை, அந்தச் சுவரைத் திருத்த ஆகியிருக்கக்கூடிய செலவைவிடப் பல மடங்கு. முதலிலேயே திருத்தியிருக்கலாம், திருத்த வசதியில்லை என்றால் படத்தில் காட்டி, விலையில் கழித்துவிட்டதாக எழுதியிருக்கலாம்.

உப்புக்காற்று படும் வீடுகளில் சன்னல் கம்பிகள் துருப்பிடிப்பதும், முகப்புக் கொங்கிறீற்றில் கம்பி வீங்கி வெடிப்பதும் வழமை. அவற்றை அருகில் நின்று ஒரு படம் எடுத்துக் கடைசியில் சேருங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றா ஓடா என்பதும் தெரிய வேண்டும். படத்தைத் திருத்தும்போது சரிவை நேராக்கலாம், சற்று வெளிச்சம் கூட்டலாம். மின்கம்பத்தை அழிப்பது, காய்ந்த முற்றத்துக்குச் செயலியால் புல் முளைக்க வைப்பது, வெறுமையான அறையில் இல்லாத தளபாடங்களை நிரப்புவது ஆகியவற்றைச் செய்யாதீர்கள்.

அனுப்புவதும் வெளியிடுவதும்

பன்னிரண்டு முதல் பதினைந்து படம் போதும். ஒரு விருந்தாளி வீட்டுக்குள் நடந்து வரும் ஒழுங்கில் அடுக்குங்கள்: முன்முகம், விறாந்தை, ஹோல், குசினி, அறைகள், குளியலறை, பின்வளவு, கிணறு, ஒழுங்கை. கடைசியில் வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து, அறைகளின் அளவை அடியில் எழுதிப் படம் எடுத்துச் சேர்த்தால், வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு கெடும்; எச்.டி. தெரிவையோ, ஆவணமாக அனுப்பும் வழியையோ பயன்படுத்துங்கள். ஆவணமாக அனுப்பும்போது படத்தோடு இடக்குறிப்பும் போய்விடும் என்பதால், எடுப்பதற்கு முன்னரே கமெரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். தரகரிடம் ஆறு நல்ல படங்களை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால், அவர் வாசலில் நின்று அவசரமாக எடுத்த இருட்டுப் படம்தான் நூறு பேருக்குப் போகும்.

உறுதியையும் நில அளவைப் படத்தையும் விளம்பரத்தில் போடவே கூடாது. உறுதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் ஆகியவை கள்ள உறுதி முடிப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவை. உண்மையில் வாங்க வருபவருக்கு நொத்தாரிசின் முன் காட்டலாம். வாசற்கதவுத் திறப்பு, வாகன இலக்கம், நீர்க்கட்டணக் கணக்கிலக்கம் ஆகியவையும் படத்தில் விழாமல் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் காணொளி அழைப்பில் பார்க்கக் கேட்டால், நேரத்தை வெளிச்சத்தோடு பொருத்துங்கள். நமக்குக் காலை ஏழு மணியாகும்போது டொரொன்டோவில் கோடைகாலத்தில் முந்தைய இரவு ஒன்பதரை, மாரிகாலத்தில் எட்டரை. கிழக்கு வாசல் வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். லண்டனுக்கு நம் பிற்பகல் நான்கு மணி ஏற்றது.

விளம்பரம் போட்டு மூன்று வாரமாகியும் அழைப்பே வராவிட்டால், விலையைக் குறைக்கும் முன் முதற்படத்தை மாற்றிப் பாருங்கள். விலையைக் குறைத்தால் மீண்டும் கூட்டுவது கடினம். படத்தை எத்தனை முறையும் மாற்றலாம். அழைப்புகள் வந்து, வீடு பார்க்க ஒருவரும் வராவிட்டால், படங்களில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அழைத்தவர்கள் திரும்பத் திரும்ப எதைக் கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்து, அதைப் படமாக எடுத்துச் சேருங்கள். பலர் வந்து பார்த்துவிட்டுப் பேச்சின்றித் திரும்பினால், படம் வீட்டைவிட அழகாக இருக்கிறது என்று கொள்ளலாம், அல்லது விலை கூடியிருக்க வேண்டும். அப்போது ஒரு நாள் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்தவரைப் போலக் கேற்றிலிருந்து உள்ளே நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முற்பணம் வாங்கி உறுதி முடிந்த அன்றே எல்லா இடங்களிலிருந்தும் படங்களை நீக்கி, தரகர்களிடமும் அழிக்கச் சொல்லிவிடுங்கள். அந்தக் குசினியும் அந்தக் கிணறும் இனி இன்னொரு குடும்பத்துடையவை.